ரோபர்ஸ் ஹெமோன்: ஒரு மொழித்தொண்டரும் ஒரு மாணவி கேட்ட கேள்வியும்



ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 21-ஆம் நாள், அனைத்துலகத் தாய்மொழி நாளையொட்டி, எங்கள் பள்ளிச் சபைகூடலில் ஒரு சிற்றுரை ஆற்றுவது என் வழக்கம். நம் மொழிக்கு உழைத்த சான்றோர்களைப் பற்றி மாணவர்கள் பலமுறை கேட்டுவிட்டார்கள். ஆகவே ஒருமுறை வேற்று மொழியினர் ஒருவரை அறிமுகப்படுத்தலாம் என்றெண்ணி, பிரான்சு நாட்டின் மேற்கு ஓரத்தில் பேசப்படும் பிரெத்தோன் மொழியின் எழுத்தாளர் ரோபர்ஸ் ஹெமோனைத் தேர்ந்தெடுத்தேன். ஆங்கிலத்தில் கிடைத்த ஒரு சிறு குறிப்பை வைத்துக்கொண்டு அவரை வானளாவப் புகழ்ந்தேன். அவர் நடத்திய ‘குவாலார்ன்’ என்னும் இதழைப் பற்றி ஓர் அட்டையில் அழகாக எழுதி வகுப்பறைச் சுவரிலும் ஒட்டினேன். அதில் “குவாலார்ன், 1925 – 1944” என்றிருந்தது.

ஒரு வாரம் கழித்து, ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி அந்த அட்டையின் முன் நின்றுகொண்டு கேட்டாள்: “சார், அவ்ளோ நல்லா நடந்த புத்தகம் ஏன் 1944-ல நின்னுச்சி? அப்ப சண்டை நடந்துச்சில்ல? இவரு யாரு பக்கம் இருந்தாரு?”

எனக்கு விடை தெரியவில்லை. ‘தேடிப் பார்த்துச் சொல்கிறேன் அம்மா’ என்று சொல்லி அனுப்பினேன். தேடிப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

பிரிட்டனியும் அதன் மொழியும்

பிரிட்டனி என்பது அட்லாண்டிக் கடலுக்குள் நீண்டு கிடக்கும் ஒரு தீபகற்பம். பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கும்பினியின் கப்பல்கள் புதுச்சேரியை நோக்கிப் புறப்பட்ட லோரியான் துறைமுகம் இங்குதான் உள்ளது. கும்பினியின் கீழைத்தேய வாணிபத்துக்காக எழுந்த நகரம் அது. அதன் பெயருக்கே கிழக்கு என்றுதான் பொருள்.

இப்பகுதியின் மேற்குப் பாதியில் வழங்கிவந்த பிரெத்தோன் மொழி பிரெஞ்சு மொழிக்கு உறவன்று. அது செல்ட்டிய மொழி. வேல்ஸ் நாட்டின் வெல்ஷ் மொழிக்கும் கார்ன்வால் பகுதியின் கார்னிஷ் மொழிக்கும் உடன்பிறப்பு. ஏறத்தாழ 5, 6-ஆம் நூற்றாண்டுகளில் பிரித்தன் தீவிலிருந்து கடல் கடந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த மொழி அது.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பத்து இலட்சத்திற்கும் அதிகமானோர் அம்மொழியைப் பேசினர். ஆனால் பள்ளிக்கூடத்தில் அதற்கு இடமில்லை. 1880-களில் பிரான்சில் இலவசக் கட்டாயக் கல்வி வந்தபோது, அக்கல்வி பிரெஞ்சு மொழியில் மட்டுமே வந்தது. பிரெத்தோன் பேசி மாட்டிக்கொண்ட பிள்ளையின் கழுத்தில் ஒரு மரச்செருப்பையோ வேறு பொருளையோ தொங்கவிடுவார்கள். அப்பிள்ளை, தன்னைப் போல் பிரெத்தோன் பேசும் இன்னொரு பிள்ளையைக் கண்டுபிடித்து அதை அவன் கழுத்துக்கு மாற்ற வேண்டும். நாள் முடிவில் யாரிடம் இருக்கிறதோ அவனுக்குத் தண்டனை. ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளைக்கு ஒற்றனாக்கிய இந்தத் தண்டனையைச் செயல்படுத்தியவர்கள் ஆசிரியர்களே. அவர்களுள் பலர் தாங்களும் வீட்டில் பிரெத்தோன் பேசி வளர்ந்தவர்கள் என்பதுதான் வேதனை. 1902-இல் தேவாலயங்களில் பிரெத்தோன் மொழியில் மறைக்கல்வி கற்பிப்பதற்கும் அரசு தடை விதித்தது.

இத்தகைய சூழலில்தான் நம் கதைத்தலைவர் தோன்றுகிறார்.

யார் இந்த ஹெமோன்?

அவருடைய இயற்பெயர் லூயி நேமோ. 1900-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள் பிரெஸ்ட் என்னும் கடற்படைத் துறைமுக நகரில் பிறந்தார். அவர் வளர்ந்த வீட்டின் மொழி பிரெஞ்சு. பிரெத்தோன் அவருக்குத் தாய் மடியில் கிடைத்த மொழியன்று. அவரே விரும்பித் தேடிக் கற்ற மொழி. பின்னாளில் அம்மொழியின் முதன்மை எழுத்தாளராகவும் இலக்கண அறிஞராகவும் விளங்கியவர், ஒரு காலத்தில் நம் மாணவர்களைப் போல் சொல் சொல்லாக அதைக் கற்றவர்!

தொழிலால் அவர் ஆசிரியர்; பிரெஸ்ட் நகர உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தார். ஆசிரியப் பணி போக எஞ்சிய நேரத்தையெல்லாம் பிரெத்தோன் மொழிக்கே கொடுத்தார்.

1925-இல் ஒலியே மோர்திரெல் என்னும் தேசியவாதியுடன் இணைந்து ‘குவாலார்ன்’ இதழைத் தொடங்கினார். குவாலார்ன் என்றால் வடமேற்கு என்று பொருள். முதலில் அது ‘பிரெய்ஸ் அதாவ்’ (என்றும் பிரிட்டனி) என்னும் தேசியவாத இதழின் இலக்கிய இணைப்பாக வந்தது; பிறகு தனித்து நின்றது. 1944 வரை 166 இதழ்கள் வெளிவந்தன. சந்தாதாரர்களோ சில நூறு பேர்தாம்.

ஹெமோனின் கொள்கை தெளிவானது. அதுவரை பிரெத்தோன் என்றாலே நாட்டுப்புறப் பாட்டு, புனிதர் கதை, உழவர் பேச்சு என்றுதான் பாரிஸ் நகரத்தார் எண்ணினர். பிரெத்தோன் மக்களும் அவ்வாறே எண்ணினர். ஹெமோன் இதை மறுத்தார். நகரத்தில் கல்வி கற்ற ஒருவன் எதை வாசிக்க விரும்புவானோ அதெல்லாம் பிரெத்தோனில் வேண்டும் என்றார். சிறுகதை, நாவல், நாடகம், திறனாய்வு என அனைத்தையும் அவ்விதழ் வெளியிட்டது. பண்டைய கிரேக்க நாடகங்கள் பிரெஞ்சு வழியாகச் சுற்றி வராமல் நேரே பிரெத்தோனுக்கு வந்தன. யூவன் ட்ரேசன், ஜாகெஸ் ரியூ போன்ற சிறந்த எழுத்தாளர்கள் அவ்விதழின் வழி உருவாயினர்.

ஆசிரியர்களாகிய நாம் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஹெமோன் குழந்தைகளை மறக்கவில்லை. நன்கொடை திரட்டிச் சிறுவர் நூல்களை அச்சிட்டு, பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகவே வழங்கச் செய்தார். ஆங்கிலச் சிறுவர்கள் அறிந்த பீட்டர் முயலும் பிரெத்தோன் பேசத் தொடங்கியது! புதிதாகக் கற்போருக்காக, குறைந்த சொற்களைக் கொண்டு ‘எளிய பிரெத்தோன்’ என்னும் பாடமுறையையும் வகுத்தார்.

குறையும் இல்லாமலில்லை. அவருடைய பிரெத்தோன் தூய்மையானது. பிரெஞ்சுச் சொற்களை அகற்றிப் புதுச்சொற்களை ஆக்கிக்கொண்டது. வயலிலும் படகிலும் பேசிய மக்களுக்கு அது அந்நியமாகத் தெரிந்தது. அம்மொழியை எழுதியவர்களும் அதை வாழ்ந்தவர்களும் வெவ்வேறு கூட்டத்தார் ஆயினர். இந்த இடைவெளி இன்றளவும் முற்றாக மறையவில்லை என்பர்.

என் சபைகூடல் உரை இவ்வளவோடு முடிந்திருந்தது. மாணவி கேட்ட கேள்வி இதற்குப் பிறகுதான் வருகிறது.

போர்க்காலம்

1940-இல் ஜெர்மனி பிரான்சைத் தோற்கடித்தது. பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய ஹெமோன் அவ்வாண்டு ஆகஸ்டில் பிரெஸ்டுக்குத் திரும்பினார். ஆக்கிரமிப்பாளர்கள் ரென் நகர வானொலி நிலையத்தைத் தங்கள் பரப்புரைப் பிரிவின் கையில் வைத்திருந்தனர். அதில் பிரெத்தோன் மொழிக்கும் நேரம் ஒதுக்கினர். நவம்பர் முதல் அந்நிகழ்ச்சிகளின் குரலாக விளங்கியவர் ஹெமோன்.

1941-இல் ‘ஆர்வோர்’ என்னும் வார இதழ் தொடங்கியது. அதன் பொறுப்பும் அவரிடமே. அதே ஆண்டு, பல வட்டார வழக்குகளாகப் பிரிந்து கிடந்த பிரெத்தோன் எழுத்துமுறை ஒன்றுபடுத்தப்பட்டது. அதற்குத் தூண்டுகோலாக நின்றவர் லியோ வைஸ்கெர்பர். அவர் செல்ட்டிய மொழிகளைக் கற்ற ஜெர்மானியப் பேராசிரியர். ரென் நகரில் ஜெர்மானிய நிர்வாகத்தின் அதிகாரியாகவும் இருந்தார். அவருடைய ஆதரவில் அமைந்த பிரிட்டனி செல்ட்டிய நிறுவனத்துக்கு ஹெமோன் இயக்குநரானார்.

ஹெமோனின் நிலையிலிருந்து சற்றே எண்ணிப் பார்த்தேன். பல்லாண்டுகளாக எந்தக் கதவைத் தட்டினாலும் திறக்கவில்லை. பிரெஞ்சுக் குடியரசு அவருடைய மொழிக்குப் பள்ளியில் ஒரு மணி நேரம்கூடத் தர மறுத்தது. திடீரென்று வானொலி கிடைக்கிறது, வார இதழ் கிடைக்கிறது, ஆய்வு நிறுவனம் கிடைக்கிறது. அவருடைய ஆசை எனக்குப் புரிகிறது. நமக்கும் ஒரு வகுப்பறை, ஒரு பாடவேளை, ஒரு மானியம் கிடைத்தால் யார் கொடுக்கிறார், ஏன் கொடுக்கிறார் என்று எத்தனை முறை கேட்டிருக்கிறோம்?

ஆனால் கொடுத்தவர்கள் யார் என்பதை ஹெமோன் அறியாதவரல்லர். 1942 ஜூன் மாதம் முதல் ஆக்கிரமிக்கப்பட்ட பிரான்சில் யூதர்கள் மஞ்சள் நட்சத்திரம் அணிய வேண்டும் என்று கட்டளை பிறந்தது. ஜூலை மாதம் பாரிஸ் பகுதியில் இரண்டே நாளில் 13,000-க்கும் மேற்பட்ட யூதர்கள் பிடிக்கப்பட்டனர். அவர்களுள் 4,000-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பிடித்துச் சென்றவர்கள் பிரெஞ்சுக் காவலர்களே. கட்டளையிட்டவர்கள் ரென் வானொலியை நடத்தியவர்களின் மேலிடத்தார். அந்நாட்களில் ‘ஆர்வோர்’ பக்கங்களில் யூத எதிர்ப்பு எழுத்துகளும் அச்சேறின.

கழுத்தில் மரச்செருப்புத் தொங்கிய பிள்ளைகளுக்காகக் கலங்கியவரின் குரல், மஞ்சள் நட்சத்திரம் குத்தப்பட்ட பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போனவர்களின் வானொலியில் ஒலித்தது. இதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். அவர் ஆயுதம் ஏந்தவில்லை. 1943 டிசம்பரில் ழான்-மரி பெர்ரோ என்னும் பாதிரியார் கொல்லப்பட்ட பிறகு, சில பத்து பிரெத்தோன் தேசியவாதிகள் அவர் பெயரால் ஒரு படை அமைத்து, ஜெர்மானியச் சீருடை அணிந்து, சொந்த மண்ணின் விடுதலைப் போராளிகளையே வேட்டையாடினர். ஹெமோன் அப்படையில் சேரவில்லை. பிரெத்தோன் பேசிய மக்களுள் மிகப் பெரும்பாலோர் தேசியவாதிகளுமல்லர், ஒத்துழைத்தவர்களுமல்லர். ஜெர்மானியரை எதிர்த்துப் போராடியவர்கள் அவர்களிடையே ஏராளம்.

தண்டனையும் அயலகமும்

1944 ஆகஸ்டில் அமெரிக்கப் படைகள் பிரிட்டனிக்குள் நுழைந்தபோது ஹெமோன் ஜெர்மனிக்குச் சென்றுவிட்டார். ‘குவாலார்ன்’ நின்றது. என் மாணவியின் கேள்விக்கு நேரடி விடை இதுதான். அவர் பிறந்த பிரெஸ்ட் நகரமும் அவ்வாண்டு முற்றுகையில் தரைமட்டமாயிற்று.

போர் முடிந்து அவர் கைதாகி ஏறத்தாழ ஓராண்டு சிறையிலிருந்தார். இறுதியில் அவருக்குக் கிடைத்தது பத்தாண்டு ‘தேசிய மதிப்பிழப்பு’ என்னும் தண்டனை. வாக்குரிமை, அரசுப் பணி ஆகியவற்றைப் பறிக்கும் தண்டனை அது. ஆசிரியர் வேலை போயிற்று.

1947-இல் அயர்லாந்துக்குக் குடிபெயர்ந்தார். டப்ளின் உயராய்வு நிறுவனத்தில் பணி கிடைத்தது. இறுதிவரை அங்கேயே வாழ்ந்து, 1978 ஜூன் 29-ஆம் நாள் மறைந்தார். அந்த முப்பதாண்டுகளில் அவர் செய்த வேலை வியப்பளிப்பது. பிரெத்தோன் மொழியின் வரலாற்றகராதியை 1958 முதல் பகுதி பகுதியாக வெளியிட்டார். அது அவர் மறைவுக்குப் பின் 1979-இல் நிறைவெய்தியது. இடைக்கால பிரெத்தோன் பாடல்களைப் பதிப்பித்தார். 1975-இல் அம்மொழியின் வரலாற்றிலக்கணத்தை ஆங்கிலத்தில் எழுதினார். ‘மாரி வோர்கன்’ (1962) முதலிய நாவல்களையும் படைத்தார். பிரெத்தோன் மொழியை ஆராயும் எவரும் அவருடைய நூல்களைத் தொடாமல் கடந்து செல்ல இயலாது.

ஆனால் பிரிட்டனியில் நடந்தது வேறு. போருக்குப் பின் பிரெத்தோன் மொழி இயக்கம் என்றாலே துரோகிகளின் கூட்டம் என்ற எண்ணம் பரவியது. நாட்டுப்புற வறுமை, நகரத்து வேலை, பள்ளியில் பட்ட அவமானம் என்று மொழி தேய்வதற்குக் காரணங்கள் பல இருந்தன. அந்த 1950-களில்தான் பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளிடம் பிரெத்தோனில் பேசுவதை அலை அலையாக நிறுத்திக்கொண்டிருந்தனர். மொழிக்காகக் குரல் கொடுக்க ஆட்கள் மிகவும் தேவைப்பட்ட அந்த வேளையில், குரல் கொடுக்க வேண்டியவர்கள் சிறையிலும் அயலகத்திலும் இருந்தனர். எஞ்சியோர் கூச்சத்தோடு பேசினர். ஹெமோன் தம் மொழிக்கு வைத்த விலை இது என்றே நான் கருதுகிறேன்.

இன்னொரு பள்ளி ஆசிரியர்

இதே காலத்தில் வாழ்ந்த இன்னொருவரையும் சொல்லாமல் விட மனமில்லை. அவர் பெயர் யான் சோயியே. 1901-இல் பிறந்தவர், தொடக்கப் பள்ளி ஆசிரியர். அவரும் பிரெத்தோனைத் தாமே கற்றவர். அவரும் தேசியவாதி, அதேவேளை இடதுசாரி. 1933-இல் அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்காக ‘ஆர் ஃபால்ஸ்’ (அரிவாள்) என்னும் இதழைத் தொடங்கினார். பிரெத்தோனைத் தடை செய்த அதே வகுப்பறைக்குள் பிரெத்தோனைக் கொண்டுவர வேண்டும், அதை ஆசிரியர்களே செய்ய வேண்டும் என்பது அவர் நோக்கம். 1935-இல் 33 வயதில் மறைந்துவிட்டார். அவருடைய மகள்தான் புகழ்பெற்ற வரலாற்றாசிரியர் மோனா ஓசூஃப். வீட்டில் பிரெத்தோன், பள்ளியில் பிரெஞ்சுக் குடியரசு என்று இரண்டுக்கும் இடையே வளர்ந்த தம் இளமையை 2009-இல் வெளிவந்த நூலொன்றில் அவர் எழுதியுள்ளார்.

சோயியே நீண்ட நாள் வாழ்ந்திருந்தால் 1940-இல் என்ன செய்திருப்பார்? யாராலும் கூற முடியாது. அவருக்கு அந்தச் சோதனை வரவில்லை, ஹெமோனுக்கு வந்தது. எனவே ஒருவரை உயர்த்தி ஒருவரைத் தாழ்த்துவது எளிதன்று.

பெயர்ப்பலகை

1977-இல் பிரெத்தோன் பெற்றோர்கள் சிலர் சேர்ந்து ‘திவான்’ என்னும் பள்ளியைத் தொடங்கினர். திவான் என்றால் முளைவிடுதல் என்று பொருள். பாலர் வகுப்பிலிருந்தே பிரெத்தோன் வழிக் கல்வி. பின்னர் 1988-இல் நடுநிலைப் பள்ளியும் தோன்றியது. அதற்கு ரோபர்ஸ் ஹெமோன் என்று பெயர் சூட்டினர். நன்றியுணர்ச்சியால் செய்தது அது.

1990-களின் இறுதியில் அவருடைய போர்க்காலச் செயல்கள் பொதுவெளியில் விவாதிக்கப்பட்டன. 2000-ஆம் ஆண்டில் ரோனான் கல்வேஸ் என்னும் ஆய்வாளர், ஹெமோனின் வானொலிப் பணியையும் போருக்குப் பின் அவ்விடத்தில் அமர்ந்த பியேர்-ஜாகெஸ் ஹெலியாஸின் பணியையும் ஒப்பிட்டு ஒரு நூல் வெளியிட்டார். கடும் வாக்குவாதங்களுக்குப் பின் பள்ளியின் பெயர்ப்பலகையிலிருந்து ஹெமோனின் பெயர் நீக்கப்பட்டது. பள்ளி நிற்கவில்லை, தொடர்ந்து நடக்கிறது. இன்று திவான் பள்ளிகளில் ஏறத்தாழ 4,000 பிள்ளைகள் பயில்கின்றனர். 2024-இல் எடுத்த கணக்கெடுப்பின்படி பிரெத்தோன் பேசுவோர் 107,000 பேர் அளவில்தான் எஞ்சியுள்ளனர் என்பதால் அந்த 4,000 பேர் எவ்வளவு அருமையானவர்கள் என்பது விளங்கும்.

பெயரை நீக்கியது சரியா? நான் சரி என்றே எண்ணுகிறேன். ஓர் அறிஞரின் அகராதியைப் பயன்படுத்துவது அவருக்கு நாம் பட்ட கடன். பள்ளி வாயிலில் அவர் பெயரை எழுதுவதோ, பிள்ளைகளிடம் ‘இவரைப் போல் வாழ்’ என்று சொல்வதாகும். முன்னதை எவரிடமும் பெறலாம். பின்னதைச் சொல்லும் முன் அவர் வாழ்க்கை முழுவதையும் படித்துப் பார்க்க வேண்டும். நான் படிக்காமல் சொன்னேன். அது என் பிழை.

அடுத்த வாரம் அதே வகுப்பில் நின்று மாணவர்களிடம் அப்பிழையை ஒப்புக்கொண்டேன். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தைப் பாடத்தில் படித்தவர்கள் அவர்கள். ஆக்கிரமிப்பு என்ற சொல்லை விளக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அட்டையைக் கழற்றிவிடட்டுமா என்று கேட்டேன். அந்த மாணவிதான் சொன்னாள்: “வேணாம் சார். கீழ எடம் இருக்குல்ல, மிச்சத்தயும் எழுதிருங்க.” எழுதினேன். வானொலி, ஆர்வோர், தண்டனை, அகராதி என நான்கு வரிகள். அட்டை இன்னும் சுவரில்தான் இருக்கிறது.

பெற்றோர்களே, ஆசிரிய நண்பர்களே, தாய்மொழிப் பற்றை நாம் பிள்ளைகளுக்கு ஊட்டுகிறோம். அது நம் கடமை. அதனோடு, மொழிக்காக என்று சொல்லி எதையும் செய்துவிடலாகாது என்பதையும் சேர்த்து ஊட்டுவோம். அவர்கள் கேள்வி கேட்டால், விடை தெரியாவிட்டாலும், மகிழ்வோம்.